மேடு வந்தால் இறங்கணும்

கல்யாணசுந்தரத்தின் கணக்கில் உலகத்தில் இரண்டே வகை மனிதர்கள்தான். சிக்னலில் எஞ்சினை அணைப்பவர்கள் ஒரு வகை, அணைக்காதவர்கள் இன்னொரு வகை. இரண்டாம் வகையினரைத் திருடர்களுக்கு ஒரு படி கீழேதான் அவர் வைத்திருந்தார். திருடனாவது எடுத்ததை உபயோகப்படுத்துகிறானே என்பார்.

அம்பாசமுத்திரம் பக்கத்து மனிதர். புனேயில், தாபோடி ராணுவப் பொறியியல் கல்லூரியின் பட்டறையில், அளக்கும் கருவிகள் சரியாக அளக்கின்றனவா என்று அளந்து பார்க்கிற உத்தியோகம். அதிலேயே தலை நரைத்து, அதிலேயே ஓய்வும் பெற்றார். அந்தக் கண்ணும் கையும் வீட்டுக்கு வந்த பிறகு சும்மா இருக்குமா? அடுப்பின் சுடர் பாத்திரத்தின் அடியைவிட்டு வெளியே எட்டிப் பார்த்தால் அவருக்கு மூக்கில் வேர்த்துவிடும். பற்பசைக் குழாயைக் கத்தரியால் பிளந்து உள்ளே வழித்துப் பல் தேய்க்கிற குடும்பம் அந்தக் கட்டடத்தில் அது ஒன்றுதான். கஞ்சத்தனம் என்று சொல்லிவிட முடியாது. வீட்டுக்கு வந்தவருக்கு இரண்டாம் முறை காப்பி கேட்காமலே வரும். வீணாகப் போகக் கூடாது, அவ்வளவுதான். அதிலும் பெட்ரோல் வீணாகக் கூடவே கூடாது.

அவருடைய பழைய ஸ்கூட்டர் இறக்கம் எங்கே வந்தாலும் எஞ்சின் அணைந்துதான் ஓடியது. பின்னால் மங்கையர்க்கரசி பையும் கையுமாக உட்கார்ந்து, கல்யாணமான நாளிலிருந்து அந்த நிசப்தத்திலேயே புனே முழுவதையும் பார்த்துவிட்டாள். மேடு வந்தால் மட்டும் அவர் லேசாகத் தலையைத் திருப்புவார். அவள் இறங்கிக்கொள்வாள். மேடு ஏறியதும் ஏறிக்கொள்வாள். இருவரும் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

பிறகு அவளுக்கு முட்டி தேய்ந்தது. ஆபரேஷன் ஆயிற்று. ஸ்கூட்டரில் காலைத் தூக்கி வைத்து ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்று ஆஸ்பத்திரியிலிருந்து ஆட்டோவில் வரும்போது கல்யாணசுந்தரம் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு, "உனக்கு ஒரு கார் வாங்குதேன் மங்கை. முன் சீட்டுல, எம் பக்கத்துல, மகாராணி மாதிரி உக்காந்து வா" என்றார். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆக, கார் வாங்கியதே மங்கையர்க்கரசிக்காகத்தான். வாசிக்கிறவர்கள் இதை மறந்துவிடக் கூடாது. கல்யாணசுந்தரம் மறந்துவிட்டார்.

சின்னதாக ஒரு கார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவர் கொண்டுவந்து நிறுத்தியது பாதி பெட்ரோலிலும் பாதி பேட்டரியிலும் ஓடுகிற நீளமான பழைய ஜப்பான் ஹைபிரிட். அந்தக் கார் பிறந்த வருடம் பிறந்த பிள்ளைகள் இந்நேரம் ஓட்டே போட்டிருப்பார்கள். விற்றவள் ரீனா என்று ஔந்தில் ஒரு பெண்மணி. சாவியைக் கொடுத்த கையோடு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அதற்கு மேல் அவள் போனை எடுக்கவே இல்லை.

ஆனால் கல்யாணசுந்தரத்துக்குத் தலைகால் புரியவில்லை. சிக்னலில் நின்றால் கார் தானாகவே எஞ்சினை அணைத்துக்கொள்கிறது! இறக்கத்தில் தானாகவே அணைத்துக்கொள்கிறது! பிரேக் பிடித்தால் அந்த வேகத்தைக்கூட விடாமல் மின்சாரமாக்கி பேட்டரியில் போட்டுக்கொள்கிறது! தன்னைப் போலவே நினைக்கிற ஓர் உயிரை அவர் வாழ்க்கையில் முதன்முறையாகச் சந்தித்தார். அது ஓர் இயந்திரமாக இருந்தது அதன் தப்பில்லை.

முதல் நாள் மங்கையர்க்கரசி பட்டுப்புடவை கட்டிக்கொண்டு முன் சீட்டில் உட்கார்ந்தாள். அவர் பொத்தானை அழுத்தினார். சத்தமே இல்லை.

"ஏங்க, இன்னும் கிளம்பலியா?"

"கிளம்பி ரோட்டுக்கே வந்தாச்சு, பாரு."

அவள் ஜன்னல் வழியே பார்த்தாள். நிஜமாகவே ரோடு நகர்ந்துகொண்டிருந்தது. இரண்டு பேரும் சிரித்தார்கள். அந்தக் காரில் அவர்கள் சேர்ந்து சிரித்ததற்கு இது முதல் ஆதாரம். அடுத்ததற்கு வெகுநாள் காத்திருக்க வேண்டியிருந்தது.

வினை எல்லாம் ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் இருந்த சின்னத் திரையில்தான். ஒரு லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று அது ஓயாமல் சொல்லிக்கொண்டே இருந்தது. முதல் நாள் பதினேழு என்றது. அளவுக் கருவிகளோடு ஆயுளைக் கழித்தவர் கண் முன்னால் இப்படி ஓர் எண்ணை வைக்கலாமா? குடிகாரனைக் கடையிலேயே குடிவைத்த கதைதான். இரண்டாவது நாளிலிருந்து அவர் ரோட்டைப் பார்ப்பது குறைந்தது, திரையைப் பார்ப்பது கூடியது.

கீழ்வீட்டு பத்ரிநாத் பாங்கில் இருந்து ஓய்வு பெற்றவர். கும்பகோணத்துக்காரர், வாய் சும்மா இருக்காது. அவர் காரைச் சுற்றிவந்து பார்த்தார்.

"என்ன ஓய், பதினேழா? எங்காத்து மாருதியே இருபது குடுக்கறது. இதுக்கா ரெண்டு எஞ்சினை வெச்சுண்டு சுத்தறீர்?"

"முப்பது கொண்டு வந்து காட்டுதேன், பாரும்."

"முப்பதா? நீர் காட்டும், நான் மீசையை எடுத்துடறேன்" என்றார் பத்ரிநாத். அவருக்கு ஏற்கெனவே மீசை கிடையாது. ஆத்திரத்தில் கல்யாணசுந்தரம் அதைக் கவனிக்கவில்லை.

அவருக்குத் துணை கிடைத்தது கசார்வாடியில். பழைய மும்பை ரோடு ஓரம், லேத் கடைகளுக்கு நடுவே அச்சுதன் என்பவரின் ஒர்க் ஷாப். நாகர்கோவில்காரர். ஹைபிரிட் காரை அதற்கு முன் அவர் கண்ணால்கூடப் பார்த்ததில்லை, ஆனால் முடியாது என்ற சொல்லும் அவரிடம் இல்லை. கல்யாணசுந்தரம் என்ன சொன்னாலும், "செஞ்சிரலாம் சாரே, சூப்பராட்டு செஞ்சிரலாம்" என்பார். இப்படி இரண்டு பேர் சேர்ந்தால் என்ன ஆகும்?

முதலில் ஸ்டெப்னி வீட்டுக்குப் போயிற்று, கூடவே ஜாக்கியும். பிறகு காரின் அடிவயிறு. அடியில் காற்று தடைபட்டால் மைலேஜ் குறையும் என்று கல்யாணசுந்தரம் எங்கோ படித்திருந்தார். ரோட்டோரம் கிழிந்து தொங்கிய ஒரு பிறந்தநாள் ஃப்ளெக்ஸ் பேனரை அச்சுதன் கொண்டுவந்தார். வட்டாரப் பிரமுகர் யாரோ ஒருவர் கறுப்புக் கண்ணாடியும் தங்கச் சங்கிலியுமாகக் கைகூப்பி நின்ற பேனர். அதைக் காரின் அடியில் இழுத்துக் கட்டினார்கள். அதன் பிறகு கார் எங்கே போனாலும் அந்த மனிதர் கைகூப்பியபடி ரோட்டைப் பார்த்துக்கொண்டே போனார். முன்பக்கக் கிரில் வழியே காற்று புகாமல் தெர்மாகோல் வைத்து அடைத்தாயிற்று. சக்கரங்களின் வெளிப்பக்கம் வழவழப்பாக இருக்க வேண்டும் என்று ஒருநாள் தோன்றியது. மங்கையர்க்கரசி கோவிலுக்குப் போயிருந்த நேரம் பார்த்து, அவளுடைய சீர்த் தாம்பாளங்கள் நான்கும் கசார்வாடிக்குப் போய், நான்கு சக்கரங்களிலும் திருகாணி போட்டு ஏறிவிட்டன. வெயிலில் கார் வரும்போது சக்கரத்துக்கு ஒரு சூரியன் சுற்றியது.

"என் கல்யாணத் தாம்பாளம்!" என்றாள் மங்கையர்க்கரசி.

"பொட்டியில கிடந்து என்ன பிரயோஜனம்? இப்ப ஊரே பாக்குதுல்லா" என்றார் அவர்.

அடுத்தது பின் சீட். அதைக் கழற்றி நான்காவது மாடிக்கு ஏற்றி ஹாலில் போட்டார்கள். சோபா ஆயிற்று. பத்ரிநாத் சாயங்காலம் காப்பிக்கு வந்தால் அதில்தான் உட்காருவார், உட்கார்ந்ததும் பெல்ட்டையும் எடுத்து மாட்டிக்கொள்வார். "நீர் பேசற வேகத்துக்கு சேஃப்டி முக்கியம் ஓய்" என்பார்.

காரின் பின்பக்கம் காலியாகி, பாய் விரித்த மாதிரி சமமாகக் கிடந்தது. மங்கையர்க்கரசி அதைப் பார்த்தாள். அந்த அடுக்குமாடிச் சொசைட்டியில் மொட்டைமாடிக்குப் பூட்டு. வடகம், வத்தல் போட அவள் வருடக்கணக்காக இடம் தேடி அலைந்தவள். மறுநாளே பின்பக்கம் பாய் விரித்து மோர்மிளகாய் காயப்போட்டாள். மூடின காருக்குள் வெயில் ஏறி, மூன்று நாள் காய்ச்சல் ஒரே நாளில் காய்ந்தது. "இப்பத்தான் இந்தக் காரால ஒரு உபயோகம்" என்றாள்.

பேட்டரியைக் குளிர்விக்கிற விசிறி ஒன்று அந்தப் பின்பக்கத்தில் ஒரு சின்ன ஜன்னல் வழியே காற்றை உள்ளே இழுக்கும் என்பது அவளுக்குத் தெரியாது. அவருக்குத் தெரியும், ஆனால் மறந்துவிட்டது. அடுத்த நாள் நாசிக் ஃபாட்டா மேம்பாலத்தில் விசிறி முழு வேகத்தில் சுற்ற ஆரம்பித்தபோது, மோர்மிளகாய்த் தூள் ஒரு சுற்றுச் சுற்றி மூக்குக்கு வந்தது. கல்யாணசுந்தரம் தும்மினார். மங்கையர்க்கரசி தும்மினாள். இருவரும் கண்ணீர் வழியத் தும்மிக்கொண்டே பாலத்தைக் கடந்தார்கள். திரையில் சிவப்பு விளக்கு ஒன்று எரிந்தது. அச்சுதன் உள்ளே கையை விட்டு அரைப் படி மிளகாய்க் காம்பை எடுத்துப்போட்டு, "ஜப்பான் வண்டியில்லா சாரே, நம்ம காரம் அதுக்குத் தாங்கல்ல" என்று முடிவு சொன்னார்.

இத்தனைக்கும் பிறகு திரை இருபத்தாறு என்றது. பிறகு இருபத்தேழு. அதற்கு மேல் ஏறவில்லை. காரிலிருந்து கழற்றக்கூடியதை எல்லாம் கழற்றியாகிவிட்டது. மிச்சம் இருந்தது இரண்டு பேர். அதில் ஒருவர் ஓட்டியாக வேண்டும்.

இங்கேதான் மனிதன் எப்படிச் சறுக்குகிறான் என்று பார்க்க வேண்டும். மங்கையர்க்கரசியைப் பார்த்து நீ வராதே என்று அவர் ஒருநாளும் சொல்லவில்லை. அப்படிச் சொல்கிற ஆளும் இல்லை. "இவ்வளவு பெரிய ஹேண்ட்பேக் எதுக்கு?" என்று ஆரம்பித்தார். தண்ணீர் பாட்டில் வேண்டாம், போகிற இடத்தில் குடித்துக்கொள்ளலாம் என்றார். அவள் விளையாட்டாக வளையல்களைக் கழற்றி அவர் கையில் கொடுத்து, "இதையும் வச்சுட்டு வரட்டா?" என்று கேட்டாள். அவர் ஒரு நொடி யோசித்தார். அந்த ஒரு நொடியை அவள் பார்த்துவிட்டாள். பிறகு ஒருநாள், "கசார்வாடி வரைக்கும் ரோடெல்லாம் தோண்டிப் போட்டிருக்கான் மங்கை. உன் முட்டிக்குக் குலுங்கும். நீ மெட்ரோவுல அங்க வந்துரு, ஏசி இருக்கு, அங்கன இருந்து கூட்டிக்கிடுதேன்" என்றார். அவள் மெட்ரோவில் வந்தாள். வந்து காத்து நின்றாள். அந்தத் துண்டுத் தூரத்துக்குத் திரையில் கூடியது அரைப் புள்ளி. அன்று ராத்திரி அவள் ஹாலில் அந்தப் பின் சீட்டில் படுத்துக்கொண்டாள். கேட்டதற்கு, "எனக்கு வாங்குன கார்தானே. இங்கனயாவது உக்காந்துக்கிடுதேன்" என்றாள். அவருக்குச் சுருக்கென்றது. ஆனாலும் காலையில் எழுந்ததும் டயருக்குக் கூடுதலாகக் காற்று அடிக்கப் போய்விட்டார்.

தை மாதம் வந்தது. மகன் மனோஜ் ஹிஞ்சவாடியில் ஐடி கம்பெனியில் வேலை பார்க்கிறான், வாகடில் பதினோராவது மாடியில் ஒரு ஃப்ளாட் வாங்கியிருந்தான். ஞாயிற்றுக்கிழமை பால் காய்ச்சுவதாக ஏற்பாடு. மனோஜும் மருமகள் தேஜஸ்வினியும் முதல் நாளே அங்கே போய்விட்டார்கள். தேஜஸ்வினி புனேயிலேயே பிறந்து வளர்ந்தவள், அவளுக்குத் தமிழ் கொஞ்சம் இடறும். சம்பிரதாயம் எல்லாம் அத்தை வந்துதான் செய்ய வேண்டும், ஒன்பது மணிக்குள் பால் பொங்க வேண்டும். உப்பு, மஞ்சள், அரிசி, சாமி படம், குத்துவிளக்கு, நிறைகுடம் இவையெல்லாம் வீட்டுக்குள் முதலில் போக வேண்டியவை. அவற்றை மங்கையர்க்கரசி விடியற்காலையிலேயே எடுத்து வைத்துவிட்டாள்.

"குடத்துத் தண்ணிய அங்க போய்ப் பிடிச்சுக்கிடக் கூடாதா? பத்து லிட்டர் தண்ணி பத்து கிலோ" என்றார் கல்யாணசுந்தரம்.

"வெறுங்குடமாவா புது வீட்டுக்குள்ள போவாங்க?" என்று அவள் கேட்ட விதத்தில், அவர் வாயை மூடிக்கொண்டு காரைக் கிளப்பினார்.

அன்று என்ன நேரமோ தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமைக் காலை, ரோடு காலி, சிக்னல்கள் எல்லாம் பச்சையாகவே கிடைத்தன. பிம்ப்ளே சௌதாகர் தாண்டும்போது திரை இருபத்தெட்டு என்றது. பிறகு இருபத்தொன்பது. கல்யாணசுந்தரம் மூச்சைக்கூட அளந்து விட்டார். பின்னால் வந்தவர்கள் எல்லாம் ஹார்ன் அடித்துத் திட்டிக்கொண்டே தாண்டிப் போனார்கள். சைக்கிளில் ஒருவர் தாண்டிப் போனார். ஒன்றும் அவர் காதில் ஏறவில்லை. ஜக்தாப் டெய்ரி மேம்பாலம் தெரிந்தபோது திரையில் 29.8.

எதிரே மேடு. ஏறினால் எஞ்சின் விழித்துக்கொள்ளும். எண் சரியும். அவர் வாயைத் திறக்கவில்லை. லேசாகத் தலையை மட்டும் திருப்பினார்.

அந்தத் திருப்பலை மங்கையர்க்கரசிக்குத் தெரியாதா? ஸ்கூட்டர் காலத்துத் திருப்பல். அவள் அவரை ஒரு கணம் பார்த்தாள். "நிறுத்துங்க" என்றாள். இறங்கினாள். பின்கதவைத் திறந்து குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள். விளக்கு, சாமி படம், உப்பு, மஞ்சள், அரிசி போட்ட பையை மறு கையில் எடுத்தாள்.

"அதெல்லாம் இருக்கட்டும் மங்கை..." என்றார் அவர், அதிகம் வற்புறுத்தாமல்.

"பாரம்தானே. எல்லாத்தையும் சேத்தே எறக்கிடுதேன். பாலத்துக்கு அடியில நடந்து அந்தப் பக்கம் வந்து நிக்கேன். ஏத்திக்கிடுங்க."

"ஒரு நிமிசம்தான். நீ மெல்ல வா" என்று சொல்லிவிட்டுப் பாலத்தில் ஏறினார்.

பாலத்தின் உச்சியில் ஒரு டெம்போ பழுதாகி நின்றிருந்தது. அதன் பின்னால் வரிசை. கார் ஊர்ந்தது, நின்றது, ஊர்ந்தது. எண் 29.6 ஆயிற்று. கல்யாணசுந்தரத்துக்கு அழுகை வந்தது. ஒருவழியாக டெம்போவைத் தாண்டினால் எதிரே நீளமான, வழவழப்பான, ஒரு வண்டியும் இல்லாத இறக்கம். காலை எடுத்தார். எஞ்சின் அணைந்தது. தாம்பாளங்கள் நான்கும் சத்தமில்லாமல் சுழன்றன. 29.7. 29.8. அடியில் அந்தப் பிரமுகர் கைகூப்பியபடி வழுக்கிக்கொண்டு வந்தார். 29.9.

பாலம் இறங்கி முடிகிற இடத்தில், ரோட்டோரம், மங்கையர்க்கரசி நின்றுகொண்டிருந்தாள். ஆபரேஷன் செய்த முட்டியோடு அவருக்கு முன்பே வந்து சேர்ந்துவிட்டாள். பட்டுப்புடவை, இடுப்பில் குடம். பையை முழங்கையில் மாட்டிக்கொண்டு, பஸ்ஸுக்கு நீட்டுகிற மாதிரி கையை நீட்டினாள்.

பிரேக்கில் கால் வைத்தால் போதும். வைக்கவும் போனார். ஆனால் கண் திரையில் இருந்தது, திரை 29.9ல் இருந்தது, கார் இறக்கத்தில் இருந்தது. கால் அப்படியே நின்றுவிட்டது. அவள் முன்னால் வழுக்கிப் போகும்போது, மன்னிச்சுக்கோ என்கிற மாதிரி ஒரு கையைத் தூக்கிக் காட்டினார். அவள் நீட்டிய கை நீட்டியபடியே நின்றது. பின்னால் பார்க்கிற கண்ணாடிகளை எல்லாம் அவர் ஒரு மாதத்துக்கு முன்பே கழற்றி எறிந்துவிட்டதால், அதற்கு மேல் அவளைப் பார்க்க முடியவில்லை.

30.0.

மனோஜ் குடியேறும் கட்டடத்தின் வாசலில் பத்ரிநாத்தே நின்றுகொண்டிருந்தார். அவரையும் அழைத்திருந்தார்கள். கல்யாணசுந்தரம் இறங்கி, நெஞ்சை நிமிர்த்தி, திரையைக் காட்டினார். பத்ரிநாத் குனிந்து பார்த்தார். முப்பது. பிறகு காருக்குள் முன்னும் பின்னும் பார்த்தார்.

"ஆத்துக்காரி எங்க ஓய்?"

"பின்னால வாரா."

"எதுல?"

அதற்குள் மனோஜ் லிப்டிலிருந்து ஓடிவந்தான். "அப்பா, எய்ட் ட்வென்டி ஆச்சு. அம்மா கிதர்? விளக்கு?"

"அம்மாகிட்ட இருக்கு."

"குடம்?"

"அதுவும் அம்மாகிட்டதாம்ல."

"சாமி போட்டோ? உப்பு?"

மனோஜ் பேச்சை நிறுத்திவிட்டு அம்மாவுக்கு போன் அடித்தான். காரின் முன் சீட்டில், அவள் விட்டுப்போன கைப்பைக்குள்ளிருந்து மணி அடித்தது. மூன்று பேரும் அந்தப் பையைப் பார்த்தார்கள். அது அடித்து ஓய்ந்தது. பின்னாலேயே இறங்கி வந்திருந்த தேஜஸ்வினி மெல்ல, "மாமா, அத்தையை... நீங்க விட்டுட்டீங்களா?" என்றாள். இடறாத தமிழில் அவள் பேசிய முதல் வாக்கியம் அதுவாக இருக்கலாம்.

அப்போதுதான் கல்யாணசுந்தரத்துக்கு உள்ளே என்னவோ உடைந்தது. முப்பது கிலோமீட்டரும் அவருக்கு வெட்கமாக இருந்தது. அந்த நீட்டிய கை கண்ணுக்கு முன்னால் வந்து வந்து நின்றது. கார் யாருக்காக வாங்கியது? ஏறி உட்கார்ந்து, வாங்கின நாளிலிருந்து முதல் தடவையாக ஆக்சிலரேட்டரை அடி வரை மிதித்தார். எஞ்சின் அலறியது. தனக்கு இப்படி ஒரு குரல் இருப்பது அந்தக் காருக்கே மறந்துபோயிருக்கும். திரையில் எண் இருபத்தொன்பதரை, இருபத்தொன்பது என்று சரிந்தது. அவர் பார்க்கவில்லை.

கேட் திருப்பத்தில் எதிரே ட்ரம்பெட் சத்தம் கேட்டது.

சிவப்புக் கோட்டுப் போட்ட கல்யாண பேண்டுக்காரர்கள் ஒரு திறந்த டெம்போவில் வந்துகொண்டிருந்தார்கள். முகூர்த்த நாள், வாகடில் ஏதோ மண்டபத்துக்குப் போகிறவர்கள். அவர்களுக்கு நடுவே, பெரிய மேளத்துக்கு மேல், மடியில் குடத்தோடு மங்கையர்க்கரசி உட்கார்ந்திருந்தாள். பாலத்தடியில் அந்த டெம்போவைக் கை நீட்டி நிறுத்தி, "பாவூ, வாகட்லா ஸோட்தா கா?" என்று, வாகடில் இறக்கிவிடச் சொல்லி, மராத்தியில் கேட்டிருக்கிறாள். பட்டுப்புடவையும் குடமும் விளக்குமாக நின்ற பெண்ணைப் பார்த்து அவர்கள் யோசிக்கவே இல்லை. வழியில் விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, புது வீட்டுக்குச் சும்மா போகலாமா என்று ஊதவும் ஆரம்பித்துவிட்டார்கள்.

அவர் காரை ஓரம் கட்டினார். டெம்போ அவரைத் தாண்டி உள்ளே போனது. அவள் அவரைப் பார்த்தாள். பிறகு, மன்னிச்சுக்கோ என்கிற மாதிரி ஒரு கையைத் தூக்கிக் காட்டினாள். பேண்டு ஊதிக்கொண்டே போயிற்று. பதினோரு மாடிகளிலும் ஜனம் பால்கனிக்கு வந்து பார்த்தது.

பால் ஒன்பதுக்குள் பொங்கிவிட்டது. குடத்தில் தண்ணீரும் தளும்பவில்லை. வெற்றிலை பாக்கு வைக்கத் தாம்பாளம் தேடியபோதுதான் நான்கும் எங்கே இருக்கின்றன என்பது எல்லோருக்கும் நினைவு வந்தது. கல்யாணசுந்தரமே கீழே போய், தரையில் உட்கார்ந்து, திருகாணி ஒவ்வொன்றாகக் கழற்றிக் கழுவிக் கொண்டுவந்து வைத்தார். மங்கையர்க்கரசி எல்லோரிடமும் சிரித்துப் பேசினாள். தேஜஸ்வினிக்குப் பொட்டு வைத்துவிட்டாள். பேண்டுக்காரர்களுக்குக் கேசரி கட்டிக் கொடுத்தனுப்பினாள். பத்ரிநாத்திடம் மீசை எப்போது எடுக்கப் போகிறீர்கள் என்றுகூடக் கேட்டாள். கணவரிடம் மட்டும் பேசவில்லை. "மங்கை" என்று இரண்டு தடவை கூப்பிட்டுப் பார்த்தார். அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

சாயங்காலம் வீடு திரும்ப வேண்டும். "மனோஜ், நீ ஓட்டு" என்று சொல்லிவிட்டு மங்கையர்க்கரசி முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். கல்யாணசுந்தரத்துக்கு மிச்சம் இருந்தது பின்பக்கம். பாயில், பாத்திரங்களுக்கு நடுவே, காலை மடக்கி உட்கார்ந்தார். பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. திருப்பத்துக்குத் திருப்பம் அவரும் பால் பானையும் சேர்ந்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்வந்தார்கள். பாயில் ஒட்டியிருந்த பழைய மிளகாய் நெடியில் ஒரு தும்மல் வந்தது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

மனோஜுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கிளம்பும்போதே திரையை முதலிலிருந்து ஓடவிட்டிருந்தான். எதிரே ஜக்தாப் டெய்ரி மேம்பாலம் தெரிந்தது.

"மனோஜ், நிறுத்து. மேடு வருது" என்றாள் மங்கையர்க்கரசி. பின்னால் திரும்பவில்லை. தலையை மட்டும் லேசாகத் திருப்பினாள்.

கல்யாணசுந்தரம் இறங்கினார். குடத்தை எடுத்து இடுப்பில் வைக்கப் பார்த்தார், நிற்கவில்லை, தோளில் வைத்தார். அதில் யாரோ தண்ணீரை நிறைத்து வைத்திருந்தார்கள். மறு கையில் குத்துவிளக்கு. கார் பாலத்தில் ஏறிப் போயிற்று. அவர் பாலத்தடியில் நடந்தார். வேட்டி தடுக்கியது, தண்ணீர் சட்டையில் வழிந்தது. பானிபூரி தின்றுகொண்டிருந்தவர்கள் தின்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். முட்டி சரியாக இருக்கிற ஆளுக்கே இந்தப் பாலம் இத்தனை நீளமா என்று நினைத்துக்கொண்டே நடந்தார்.

அந்தப் பக்கம் போய் ரோட்டோரம் நின்றார். இறக்கத்தில் கார் வந்தது. சத்தமே இல்லை. வேகமும் குறையவில்லை. அவர் விளக்கைக் கீழே வைத்துவிட்டு, பஸ்ஸுக்கு நீட்டுகிற மாதிரி கையை நீட்டினார். நிற்கும் என்ற நம்பிக்கை அவருக்கு இல்லை. நிற்காமல் போனால் கேட்கத் தனக்கு வாயும் இல்லை என்பது அவருக்கு நன்றாகத் தெரிந்தது.

கார் அவர் கைக்கு நேராக வந்து நின்றது.

ஜன்னல் கண்ணாடி இறங்கியது. "எவ்வளவுப்பா வந்திருக்கு?" என்று மங்கையர்க்கரசி மகனைக் கேட்டாள்.

"தர்ட்டி ஒன் பாயிண்ட் டூ" என்றான் மனோஜ்.

"பாத்தியளா? இத்தனை நாளும் பாரம் யாருன்னு இப்பத் தெரிஞ்சு போச்சு." அவள் உதடு கொஞ்சம் கோணியது. சிரிப்பா, அழுகையா என்று அவருக்குப் பிடிபடவில்லை. "ஏறுங்க. விளக்கு இடிக்காம பாத்து."

அவர் விளக்கை வைத்தார். குடத்தை வைத்தார். பாயில் ஏறிக் காலை மடக்கி உட்கார்ந்தார். நாளைக்கு முதல் வேலை ஹாலில் இருக்கிற சீட்டைத் தானே கீழே சுமந்து வருவது என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டார். வாய்விட்டுச் சொல்லத்தான் வரவில்லை.

மனோஜ் ஏசியைப் போட்டான். எஞ்சின் முழித்துக்கொண்டது, யாரும் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச தூரம் போனதும் மங்கையர்க்கரசி முன்னால் பார்த்தபடியே கேட்டாள்.

"ஏங்க, பிரேக்கு நல்லாத்தானே பிடிக்குது?"

"பிடிக்குது மங்கை" என்றார் கல்யாணசுந்தரம். "காலையிலயும் நல்லாத்தான் இருந்துச்சு."